நான் ஆமாம் சொன்னதாகச் சொன்னார்கள்

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நான் எழுந்தது வெளியே போவதற்குத்தான். அடுப்பில் மொச்சை வெந்துகொண்டிருந்தது. பன்றிக்கால் எலும்பைப் போட்டு, தீயைச் சிறிதாக வைத்துவிட்டு வந்திருந்தேன். கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்லித்தான் அழைத்தார்கள். எங்கள் சர்ச்சில் எந்தக் கூட்டம் சீக்கிரம் முடிந்திருக்கிறது? நம்பியது என் தப்பு.

சர்ச் நிரம்பி வழிந்தது. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற கறுப்பர்கள் அத்தனை பேரும் வந்திருந்தோம். வார்டு ஆயாக்கள், சமையல்கட்டுப் பெண்கள், சலவைக்கூடத்துப் பெண்கள், தரை துடைக்கிற ஆண்கள். ஆளுக்கொரு அட்டை விசிறி. ஊரில் சவ அடக்கம் செய்து தருகிறவர் தன் கடை விளம்பரத்தை அதில் அச்சடித்து இலவசமாகக் கொடுத்திருந்தார். சாகும்போது யாரிடம் போவது என்று பார்த்துக்கொண்டே காற்று வாங்கலாம்.

முன்னால் நின்று பேசியவன் எஃப்ராயின். நியூயார்க்கில் இருக்கிற ஆஸ்பத்திரித் தொழிலாளர் சங்கம், தெற்கே இருக்கிற எங்களுக்காக அனுப்பிவைத்தவன். போர்ட்டோ ரிக்கோக்காரன், முப்பது வயது இருந்தால் அதிகம். அங்கே கறுப்பர்களும் அவன் ஆட்களும் சேர்ந்து சங்கம் கட்டி ஜெயித்ததைச் சொன்னான். நன்றாகத்தான் பேசினான். வெள்ளைக்கார ஆயாவுக்கு ஒரு சம்பளம், நோயாளிகளின் அதே மலப்பீங்கானைக் கழுவும் நமக்கு ஒரு சம்பளமா என்றபோது எல்லோரும் "ஆமென்" என்றோம். கேள்வி கேட்ட ஒரே குற்றத்துக்காகச் சமையல்கட்டிலிருந்து விரட்டப்பட்ட இரண்டு பெண்களைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றபோது இன்னும் பலமாக "ஆமென்" என்றோம். பிறகு அவன் கேட்டான்.

"திங்கக்கெழம காலையில சூப்பரிண்டெண்ட் ரூமுக்குள்ள போயி இதச் சொல்றதுக்கு அஞ்சு பேர் வேணும். அதுல முன்னால நின்னு பேசுறதுக்கு ஒருத்தர். யார் வர்றீங்க?"

விசிறிகள் நின்றுவிட்டன.

மெம்ஃபிஸில் குப்பை அள்ளுகிறவர்களுக்கு ஆதரவாகப் போன இடத்தில் கறுப்பர்களுக்காகப் போராடிய எங்கள் தலைவரைச் சுட்டுக் கொன்று அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சர்ச்சுக்குள் ஆமென் சொல்வது வேறு, சூப்பரிண்டெண்ட் மேஜைக்கு முன்னால் நிற்பது வேறு. எல்லோரும் அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு மொச்சை ஞாபகம் வந்தது.

எங்கள் சர்ச்சில் ஒரு வழக்கம் உண்டு. நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தால் ஆள்காட்டி விரலை மேலே தூக்கிக்கொண்டு, கொஞ்சம் குனிந்தபடி வெளியே போக வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள், போக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். பால்குடி மறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். நானும் விரலைத் தூக்கினேன், குனிந்தேன், நடந்தேன். வாசலை எட்டியபோது பின்னால் யாரோ கைதட்டினார்கள். அப்புறம் இன்னும் சிலர். அப்புறம் சர்ச் முழுக்க. ஆர்கன் வாசிக்கிறவர் வேறு சும்மா இருக்காமல் ஒரு கட்டையை அழுத்தினார். முன்னாலிருந்து எஃப்ராயின் "மிஸஸ் கிரிம்பால்! வெர்டெல் கிரிம்பால்!" என்று உரக்கச் சொன்னான். என் பேர் அவனுக்கு எப்படித் தெரியும்?

ஆளாளுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். நான் "மொச்சை, மொச்சை" என்றேன். ஒருத்தி என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். நான் அழவேயில்லை.

வீட்டுக்குப் போனபோது மொச்சை கரியாகியிருந்தது. என் கணவர் ஈசெல் ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்துவிட்டு, கருகிய பானையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். அங்கே கறுப்பர்களுக்கென்று பழைய சங்கம் ஒன்று இருக்கிறது. செய்தி எனக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்துவிட்டது.

"நீயா? நெஜமாவே நீயாடி?"

"நான் இல்ல ஈசெல். நான் வீட்டுக்கு வரத்தான் எழுந்தேன். வெரலத் தூக்கினேன். அவ்வளவுதான்."

"ஆமா ஆமா. எங்க சங்கத் தலைவர்கூட மொதல்ல ஒண்ணுக்குப் போகத்தான் எழுந்தேன்னு சொல்லுவார்."

"வெளையாடாத. வேலை போயிடும்யா."

அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கப்பல் வந்தால் அவருக்குக் கூலி, வராவிட்டால் இல்லை. வாடகை கட்டுவது என் சம்பளத்தில்தான். ஆனால் அதுகூடப் பெரிதில்லை எனக்கு. சலவைக்கூடத்தில் பல வருஷம் கொதிநீரில் கையை வேகவைத்து, கெஞ்சிக் கூத்தாடி, போன இலையுதிர் காலத்தில்தான் பச்சைக்குழந்தைகள் வார்டுக்கு மாறியிருந்தேன். காலையில் உள்ளே நுழைந்ததும் அந்தப் பால் வாசனை. எடை குறைந்து பிறந்த ஒன்றைக் கையில் எடுத்தால் ரொட்டித்துண்டு அளவுக்குத்தான் இருக்கும். அந்த வார்டை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை துறைமுகத்து ஆட்கள் ஒரு கூடை மீனோடு வந்தார்கள். பாஸ்டரின் மனைவி சர்க்கரைவள்ளிக் கிழங்கில் 'பை' என்கிற இனிப்புப் பலகாரம் சுட்டுக் கொண்டுவந்தார். நான் ஒவ்வொருவரிடமும் சொன்னேன், இது தப்பாக நடந்துவிட்டது, நான் வெளியே போகத்தான் எழுந்தேன் என்று. யாருமே காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பாஸ்டர் என் தோளைத் தட்டினார்.

"மோசேயும் கடவுள்கிட்ட இப்படித்தான் சொன்னார் சிஸ்டர். எனக்குப் பேச வராது, வேற யாரையாவது அனுப்புன்னு."

"பாஸ்டர், மோசே அடுப்புல எதையும் வெச்சிட்டு வரல."

அவர் இதற்கும் பெரிதாகச் சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

எனக்குத் தலை சுற்றியது. நான் பேசுவது அவர்களுக்கு வேறு பாஷையாகக் கேட்கிறதா? கண்ணாடி முன்னால் நின்று விரலைத் தூக்கிப் பார்த்தேன். போகிறேன் என்றுதான் தெரிந்தது. இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தேன். இந்தத் தடவை அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கே என் கையில் சந்தேகம் வந்துவிட்டது.

சனிக்கிழமை வார்டில் தலைமை நர்ஸ் மிஸ் லார்ட்டன் என்னைத் துணி அலமாரிப் பக்கம் கூப்பிட்டார். வெள்ளைக்காரி, கெட்டவள் என்று சொல்ல முடியாது.

"வெர்டெல், உன் பேரு அங்கங்க அடிபடுதே."

"தப்பா நடந்துபோச்சு மேடம். நான் வீட்டுக்குப் போகத்தான் எழுந்தேன். அத வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க."

அவர் என்னையே பார்த்தார். "அப்படியா? அப்ப கவலைப்படாத. சொல்ல வேண்டிய எடத்துல நான் சொல்லிடுறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. ஒரு குழந்தைக்குப் பால் புகட்டியபடி பாட்டுக்கூடப் பாடினேன்.

ஆனாலும் என் பேரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி எஃப்ராயினிடமே சொல்லிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவனைப் பிடித்தேன். சர்ச் அடித்தளத்தில் உட்கார்ந்து கோழிக்கால் தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, கையைத் துடைத்துக்கொண்டான்.

"தம்பி, நீ எங்க சர்ச்சுக்குப் புதுசு. அன்னிக்கு நான் வெரல் தூக்கினது வர்றேன்னு சொல்ல இல்ல. போறேன்னு சொல்லத்தான். எங்க வழக்கம் அது. நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்ட."

அவன் முகம் மாறியது. "இல்லையே மேடம். எனக்கும் அப்பவே சந்தேகம் வந்துச்சு. வர்றேன்னு சொல்றவங்க முன்னாலதானே வருவாங்க, இவங்க ஏன் கதவப் பாத்துப் போறாங்கன்னு நெனச்சேன். அதனாலதான் வாசல்ல நின்ன அந்த அம்மாகிட்ட சைகையில கேட்டேன்."

"எந்த அம்மா?"

"வெள்ளைக் கையுறை போட்டிருப்பாங்களே. அவங்க தலையாட்டினாங்க. ஓரமா ஓடி வந்து, ஒத்துக்கிட்டாங்க, பேரு வெர்டெல் கிரிம்பால், எழுதிக்கோன்னாங்க. அங்கயே நின்னு மொதல்ல கைதட்டினதும் அவங்கதான்."

ஞாயிறு தவறாமல் வெள்ளைக் கையுறையோடு வாசலில் நின்று வருகிறவர்களை உட்காரவைக்கிறவள் ஆர்சேலியா. ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை. என் கல்யாணத்துக்குத் துணைப்பெண்ணாக நின்றவள். அந்த விரலின் அர்த்தம் அவளுக்குத் தெரியாது என்றால், மீனுக்கு நீச்சல் தெரியாது என்று சொல்ல வேண்டியதுதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு மட்டுமா தெரியும்? அன்றைக்கு சர்ச்சில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எஃப்ராயின் ஒருவனைத் தவிர. தெரிந்தேதான் கைதட்டினார்கள். தெரிந்தேதான் மீன் கொண்டுவந்தார்கள். பாஸ்டர் உட்பட.

ஆர்சேலியா வெளியே மரத்தடியில் நின்றிருந்தாள். கையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள். என் நடையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"கத்தாதடி. ஞாயித்துக்கெழம."

"ஏண்டி அப்படிச் சொன்ன?"

"அப்ப வேற என்ன பண்றது? சர்ச்சே கல்லு மாதிரி உக்காந்திருந்துச்சு. இன்னும் கொஞ்சம் போயிருந்தா அந்தப் பையன் பையத் தூக்கிட்டு நியூயார்க்குக்கே கெளம்பியிருப்பான். நீ ஒருத்திதான் எழுந்த."

"வெளிய போக எழுந்தேன்டி!"

"எதுக்கோ எழுந்த இல்ல?"

இப்படி ஒரு நியாயத்தை நான் கேட்டதேயில்லை. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல." அவள் கையுறையைப் பைக்குள் போட்டாள். "பஸ் டிரைவர்கிட்ட சண்ட போடுவ. கறிக்கடைக்காரன்கிட்ட எடையப் பாருன்னு சண்ட போடுவ. எனக்கு வெள்ளைக்காரன் மேஜைக்கு முன்னால நின்னாலே நாக்கு ஒட்டிக்கும். உன் பேரச் சொன்னப்புறம்தான் நாலு கை எழுந்துச்சு, தெரியுமா? அதுல ஒண்ணு என்னோடது. அதுவரைக்கும் ஒண்ணுகூட இல்ல."

"நாளைக்கு நான் வரமாட்டேன். நீயே போ. நீயே பேசு."

"சரி," என்றாள். அவ்வளவுதான். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் நான் நன்றாகத் திட்டிவிட்டாவது போயிருப்பேன்.

வீடு வரைக்கும் அவளை மனசுக்குள் வைது தீர்த்தேன். நடுவில் ஒரு நினைப்பு வந்து தொலைத்தது. அன்றைக்கு விரலைத் தூக்கிக்கொண்டு போனது வேறொருத்தியாக இருந்து, ஆர்சேலியா கைதட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? தட்டியிருப்பேன். எல்லோரையும் விடப் பலமாகத் தட்டியிருப்பேன். மறுநாள் கிழங்குப் பலகாரமும் சுட்டுக் கொடுத்திருப்பேன். இது எனக்குப் பிடிக்கவேயில்லை. பிடிக்காவிட்டால் பொய்யாகிவிடுமா?

திங்கட்கிழமை வழக்கம்போல வெள்ளைக் கவுனை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். வார்டுக்குப் போகிற படிக்கட்டு சூப்பரிண்டெண்ட் அறையைத் தாண்டித்தான் போகிறது. அறைக்கு வெளியே நான்கு பேர் சுவரோரமாக நின்றிருந்தார்கள். ஆர்சேலியா, சலவைக்கூடத்துப் பெண்கள் இரண்டு பேர், தரை துடைக்கிற கார்னெல். அவன் கழுத்தில் டை கட்டியிருந்தான். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காத மாதிரி தரையைப் பார்த்தார்கள். வா என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான் தாண்டிப் போய்விட்டேன். படியில் காலையும் வைத்துவிட்டேன். அறைக் கதவு திறந்தது.

"வெர்டெல் யாரு? நீதானே?" செயலாளர் பெண் கேட்டாள். "உன்னையும் உள்ள வரச் சொல்றார். எல்லாரும் வாங்க."

உள்ளே உட்காரச் சொல்லவில்லை. சூப்பரிண்டெண்ட் மேஜைக்குப் பின்னால் காபி குடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து மட்டும் சிரித்தார்.

"மிஸ் லார்ட்டன் எல்லாத்தையும் சொன்னாங்க. நீ வீட்டுக்குப் போகத்தான் எழுந்தியாம். இவங்க உன்னை இதுல மாட்டிவிட்டுட்டாங்களாம்."

"ஆமா சார்."

"நான் நம்புறேன் வெர்டெல். நீ நல்ல பொண்ணுன்னு எனக்குத் தெரியும். நீ வார்டுக்குப் போ. கொழந்தைங்க காத்திட்டிருக்கும். இவங்க நாலு பேர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

வியாழக்கிழமையிலிருந்து நான் பார்த்த ஆளிடமெல்லாம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் புருஷன் ஏற்கவில்லை, பாஸ்டர் ஏற்கவில்லை, ஊர் ஏற்கவில்லை. மிஸ் லார்ட்டனுக்கு அடுத்து, சொன்னதைச் சொன்னபடியே நம்பியவர் இவர்தான். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கதவு திறந்துதான் இருந்தது. வார்டு ஒரு மாடி மேலே. ஆனால் நான் நகரவில்லை. சமையல்கட்டுப் பெண்கள் இரண்டு பேரிடமும் அவர் இப்படிப் பேசித்தான் வெளியே அனுப்பியிருந்தார். கார்னெல் தன் டையை நேராக்கிக்கொண்டான். ஆர்சேலியா நேராகப் பார்த்தபடி நின்றாள். நாக்கு ஒட்டிக்கொண்டதா என்னவோ, உதடு வெளுத்திருந்தது. அவள் மேல் எனக்கு இருந்த கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. அந்தக் கோபத்தோடேதான் பேசினேன்.

"சார், வீட்டுக்குப் போக எழுந்தது நெஜம். மாட்டிவிட்டதும் நெஜம். ஆனா அது வியாழக்கெழம."

"என்ன சொல்ற?"

என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "இப்ப இங்க நிக்கிறேன்ல? இப்ப என்னை யாரும் புடிச்சுத் தள்ளல. பேசணும்னுதானே எங்களக் கூப்பிட்டீங்க? பேசுறேன்."

பேசினேன். எஃப்ராயின் சர்ச்சில் சொன்ன வரிசை எதுவும் ஞாபகம் வரவில்லை. அந்த இரண்டு பெண்களைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்து, சம்பளத்துக்குப் போய், நடுவில் யாரும் கேட்கச் சொல்லாத ஒன்றைக் கேட்டேன். குழந்தைக்கு என்ன நோய் என்று ஆயாக்களான எங்களிடம் யாரும் சொல்வதில்லை, கறுப்பு ஆயாவுக்குக் குறிப்பட்டையைக் காட்டமாட்டார்கள், தெரியாத நோயை எப்படிச் சார் பார்த்துக்கொள்வது, எங்கள் கையில் இருக்கும்போது ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டேன். குரல் எங்கெங்கோ போனது. சங்கம் என்கிற வார்த்தையைச் சொல்ல மறந்து, கடைசியில் தனியாக அதை மட்டும் ஒரு தடவை சொன்னேன்.

அவர் காபியைக் கீழே வைத்தார். சிரிப்பு போய்விட்டது.

"முடிஞ்சுதா? அஞ்சு பேரும் வேலை அட்டையக் குடுத்துட்டு வீட்டுக்குப் போகலாம். திரும்பி வர வேண்டாம்."

வெளியே வந்தோம். படி இறங்கத் தொடங்கினோம். மேலே ஏதோ ஒரு குழந்தை அழுதது. எங்கள் வார்டுக் குழந்தையா, வேறு எதுவா, எனக்குத் தெரியவில்லை. இனி அதைத் தூக்க எனக்கு உரிமையில்லை என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது. இந்தத் தடவை நிஜமாகவே அழுதேன், யாரும் துடைக்க வரவில்லை.

"ஏண்டி?" ஆர்சேலியா மெதுவாகக் கேட்டாள். "உன்னத்தான் விட்டுட்டாரே. போயிருக்கலாமே."

"தெரியல. என்கிட்ட பேசாத."

"இன்னும் கோவமா?"

"சாகற வரைக்கும்."

ஏன் போகவில்லை என்று இன்றுவரைக்கும் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. அவர் என்னை நம்பியது பொறுக்கவில்லை என்று சில நாள் தோன்றும். கார்னெலின் டை என்று சில நாள் தோன்றும். வெறும் வாய்க்கொழுப்பு என்கிறார் ஈசெல்.

கீழ்த்தளத்துக்கு வந்து சேர்ந்தோம். வலதுபக்கம் தெருவுக்குப் போகிற கதவு. இடதுபக்கம் சலவைக்கூடமும் சமையல்கட்டும், இயந்திரச் சத்தம் கேட்டது. இரண்டுக்கும் நடுவில் நின்றோம்.

"இப்ப என்ன பண்றது?" என்று கார்னெல் கேட்டான். கேட்டது ஆர்சேலியாவிடம் இல்லை. நான்கு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு? கண்ணைத் துடைத்துக்கொண்டு இடதுபக்கம் திரும்பி நடந்தேன். பின்னால் நாலு பேரின் காலடிச் சத்தம் கேட்டது. சலவைக்கூடத்துக் கதவைத் தள்ளினேன். நீராவிக்குள்ளிருந்து எல்லாப் பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ ஒருத்தி வேலையைப் போட்டுவிட்டு முதல் இயந்திரத்தை நிறுத்தினாள்.